350 ரூபாவுக்குள் பதின்மூன்று நத்தார்ப் பரிசுகள்: ஹட்டனில் ஒரு சிறு தேயிலைக் கடை

இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு அருகே நோர்வூட் பக்கமுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் கந்தோரில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். கந்தோர், தொழிற்சாலை, தோட்ட வைத்தியசாலை, பிள்ளைக் காம்பரா (தொழிலாளரின் குழந்தைகளைப் பராமரிக்கும் இடம்) என்று வேலை பிரிந்து கிடந்தாலும், தினமும் முகம் பார்த்துப் பழகுகிறவர்கள் என்னோடு சேர்த்து 14 பேர். அவர்களில் கிறிஸ்தவர்கள் ஐந்து பேர்தான். ஆனாலும் நத்தாருக்கு முந்திய கடைசி வேலை நாளில் ஒருவருக்கொருவர் ஏதாவது கொடுத்து, பால் சேர்க்காத பிளேன்டியும் கேக்குமாக அரை மணி நேரம் கூடி இருப்பது எங்கள் கந்தோரில் நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே நடந்து வருகிறது. பொங்கலுக்கு இந்துச் சகாக்கள் எங்கள் மேசைக்குப் பொங்கல் கொண்டுவருகிறார்கள், நோன்புப் பெருநாளுக்கு எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வருகிறது, ஆகவே நத்தாருக்கு நாங்கள் கொடுப்பதும் முறைதான். அந்த முறையை 2023ஆம், 2024ஆம் ஆண்டுகளில் எனக்கு எளிதாக்கித் தந்த ஒரு கடையைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட உச்ச வரம்பு, உறையும் அட்டையும் உட்பட ஆளுக்கு 350 ரூபா. இது சிக்கனத்துக்காக மட்டும் வைத்த வரம்பு அன்று. எங்கள் இரவுக் காவற்காரரும் பிள்ளைக் காம்பராவில் உதவிக்கு நிற்கும் அக்காவும் நாட்சம்பளக்காரர்கள். 2024 செப்டம்பரில் வர்த்தமானி மூலம் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக ஆக்கப்பட்டது. அப்படிச் சம்பளம் வாங்குகிற ஒருவருடைய கையில் நான் ஆயிரம் ரூபாப் பொருளை வைத்தால், அவர் அதைப் பரிசாக எண்ணி மகிழ்வதற்கு முன், திருப்பிச் செய்ய வேண்டிய ஒரு நாட்கூலியாக எண்ணிக் கலங்குவார். முன்பொரு வருடம் இதைக் கண்ணால் கண்டேன். ஓர் உத்தியோகத்தர் எல்லோருக்கும் சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். மறு வருடம் இருவர் அந்த நாளில் சுகவீன விடுமுறை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கி ஆளுக்கொருவர் என்று கொடுத்துப் பார்த்ததும் சரிவரவில்லை, ஏனெனில் சீட்டு எழுதும்போது கந்தோரில் இல்லாதவர்களின் பெயர் விடுபட்டுப் போனது. எனவே எல்லோருக்கும் ஒரே பெறுமதி, ஆனால் ஆளுக்கு ஏற்ற பொருள் என்பதே எனக்கு வேண்டியிருந்தது. 350 ரூபாவுக்குள் அதைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பது, டிசம்பரில் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும்.

அந்த விலைக்குப் பொதுவாகக் கிடைப்பவை ஒரு மாதத்தில் கைப்பிடி கழன்றுவிடும் கோப்பைகள், திரி எரியாத அலங்கார மெழுகுவர்த்திகள், மினுமினுக்கும் பிளாஸ்டிக் பூக்கள் முதலியவை. இவை பெரிதாகத் தோன்றும். வீட்டுக்குப் போன பிறகு வைக்க இடமில்லாமல் அலுமாரியின் மேல் தட்டுக்குப் போகும். மலிவான பரிசு என்றால் மட்டமான பொருளில் பெரியதை வாங்குவதன்று, நல்ல பொருளில் சிறியதை வாங்குவதே என்பது என் கருத்து. அதற்கு, நல்ல பொருளைச் சிறிய அளவில் விற்கச் சம்மதிக்கிற ஒரு வியாபாரி வேண்டும்.

ஹட்டன் புகையிரத நிலையத்திலிருந்து நகரை நோக்கி இறங்கி வரும் வழியில், இரண்டு துணிக்கடைகளுக்கு நடுவே, ஒரு கதவு அகலத்தில் அந்தக் கடை இருக்கிறது. கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார்; கணவனும் மனைவியுமாக இருவரே நடத்துவதால், டிசம்பரில் இப்போது வருகிற ஓடர்களையே தங்களால் முடித்துக் கொடுக்க இயலவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அவருடைய சொல்லுக்கு மதிப்புக் கொடுத்துப் பெயரை விடுகிறேன். வாசலில் நிற்கும்போதே தேயிலை மணம் வரும் கடை அந்த வழியில் அது ஒன்றுதான் என்பதால், தேடிப் போகிறவர்களுக்குச் சிரமம் இருக்காது. உள்ளே ஒரே நேரத்தில் நான்கு பேர் நிற்கலாம். இடது பக்கச் சுவர் முழுவதும் மூடியிட்ட தகர டின்கள், வலது பக்கத்தில் கம்பளித் தொப்பிகளும் காலுறைகளும், பின்னால் ஒரு சிறு மேசையில் கேத்தலும் வெள்ளைக் கிண்ணங்களும் தராசும்.

அந்த மேசைதான் இக்கடையின் உயிர். உரிமையாளர் முன்பு தொழிற்சாலையில் டீமேக்கராக, அதாவது தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். வாங்க வருகிறவர் 50 கிராம் கேட்டாலும் 5 கிலோ கேட்டாலும், முதலில் உட்காரச் சொல்லி, 2 கிராம் தூளுக்கு 100 மில்லிலீற்றர் கொதிநீர் என்ற கணக்கில் ஊற்றி, ஆறு நிமிடம் மூடி வைத்து, வடித்துக் கையில் தருகிறார். தேயிலையை ருசிபார்ப்பதற்கென்று உலக அளவில் வைத்திருக்கும் அளவும் நேரமும் இவையே. வீட்டில் நாம் ஊற்றுவதை விட இது கடுப்பாக இருக்கும். குறை நிறை இரண்டும் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி ஊற்றுகிறார்கள். முதல் தடவை நான் போனபோது பின்னால் மூன்று பேர் காத்து நின்றார்கள், அவர் அவசரப்படவில்லை. ஒரு கிண்ணத்தைக் காட்டி, "மிஸ், இந்தத் தூளப் பால் ஊத்திக் குடிக்கிறவங்களுக்குக் குடுங்க. பிளேன்டி குடிக்கிறவங்களுக்கு இது கசக்கும்" என்றார். வாங்குகிற எனக்குப் பிடிக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை. குடிக்கப் போகிறவர் யார், எப்படிக் குடிப்பார், எந்த நேரத்தில் குடிப்பார் என்று கேட்டார். பரிசு வாங்கப் போன எந்தக் கடையிலும் என்னிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

தேயிலை நாட்டில், அதுவும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு, தேயிலையைப் பரிசாகக் கொடுப்பதா என்று கேட்கலாம். என் தாயாரும் அதைத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் தோட்டத்துத் தூள் இருக்கிறது. ஆனால் அது எந்தத் தூள் என்பதையும் பார்க்க வேண்டும். நாட்டில் விளையும் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அடுப்பில் கொதிப்பது பெரும்பாலும் சலித்து எஞ்சிய தரங்கள். கொழுந்து பறிக்கிறவரும் அதை அரைக்கிறவரும் அதன் கணக்கை எழுதுகிற நானும், நல்ல தேயிலையை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டில் வேறொன்றைக் குடிக்கிறோம். அது மட்டுமன்றி, ஒரு தோட்டத்தில் பிறந்து அதே தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குப் பக்கத்து மாவட்டத்துத் தேயிலையின் ருசி தெரியாது. இலங்கைத் தேயிலைக்கு நுவரெலியா, டிம்புலை, ஊவா, ஊடபுசல்லாவை, கண்டி, சப்ரகமுவ, ருஹுணு என்று ஏழு பிரதேசங்கள் சொல்லப்படுகின்றன. ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா எல்லாம் டிம்புலையில் அடங்குகின்றன. அந்த ஏழில் மற்ற ஆறையும் எங்கள் கந்தோரில் ஒருவர் கூட ஒழுங்காகக் குடித்துப் பார்த்ததில்லை என்பது, நான் விசாரித்தபோதுதான் எனக்கே தெரிய வந்தது.

இந்தக் கடையில் அந்த ஏழில் ஐந்து பிரதேசத்துத் தேயிலை 50 கிராம் பொதியாகக் கிடைக்கிறது. 2024இல் எந்தப் பிரதேசமாக இருந்தாலும் ஒரு பொதி 220 ரூபா. கொள்விலை ஒன்றுக்கொன்று வேறுபட்டாலும், பரிசு வாங்குகிறவர் விலையைப் பார்த்து ஆளைத் தரம் பிரிக்கக் கூடாது என்பதற்காகச் சராசரி எடுத்து ஒரே விலையாக வைத்திருப்பதாகச் சொன்னார். இதற்காகவே அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்று கொண்டால் 50 கிராமில் 25 கோப்பை வரும். தனி ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கோப்பை என்று வைத்தால் நத்தார் முடிந்து தைப்பொங்கல் வரை காணும். 350இல் எஞ்சும் 130 ரூபாவில் ஒரு சிறு தகர டின்னோ துணிப்பையோ, ஒரு வாழ்த்து அட்டையோ சேர்க்கலாம். நான் துணிப்பையை எடுத்தேன்.

பதின்மூன்று பேருக்கு எதை எதை எடுத்தேன் என்பதை முழுவதும் சொல்ல வேண்டியதில்லை, சிலவற்றைச் சொல்கிறேன். இரவுக் காவற்காரருக்கு ஊவாவின் பி.ஓ.பி.எஃப். என்ற தரத் தூள். சிறு துகளாக இருப்பதால் நிறமும் கடுப்பும் விரைவில் இறங்கும். அதிகாலை இரண்டு மணிக்குச் சுடுநீர்ப் போத்தலைத் திறந்து குடிக்கிறவருக்கு அதுதான் உதவும். எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் சீனியும் பாலும் இல்லாமல் குடிப்பவர். அவருக்கு நுவரெலியாவின் தேயிலையைத் தெரிவு செய்தார் கடைக்காரர். கிண்ணத்தில் அது வெளிர்ந்த பொன்னிறமாக, தண்ணீரைப் போல மெல்லியதாக இருந்தது, ஆனால் வாயில் வைத்த பின் அதன் மணம் நீண்ட நேரம் நின்றது. மிகவும் யோசித்தது எங்கள் டீமேக்கருக்காகத்தான். முப்பது வருடம் தேயிலையை முகர்ந்தே வாழ்ந்தவருக்கு மேட்டுநிலத் தூள் எதைக் கொடுத்தாலும் அது அவருடைய தொழிற்சாலையோடு போட்டிக்கு நிற்கும். அவருக்கு ருஹுணுப் பிரதேசத்து ஓ.பி. என்ற தரத் தேயிலையைக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். மாத்தறை, காலிப் பக்கத்துத் தாழ்நிலத்தில் விளைந்து, உடைக்காமல் நீளமாகச் சுருட்டப்பட்ட கரிய இலை அது. நாட்டின் மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் இத்தகைய தாழ்நிலத் தேயிலையாக இருந்தும், மலைநாட்டில் வாழ்கிற நாங்கள் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பதே அரிது.

பருவத்தைப் பற்றிக் கடைக்காரர் காட்டிய நேர்மையையும் குறிப்பிட வேண்டும். டிம்புலைத் தேயிலைக்கு நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. வரண்ட குளிர்க்காற்று அடிக்கும் அந்த வாரங்களில்தான் எங்கள் பக்கத்துக் கொழுந்துக்கு மணம் ஏறும். ஊவாவுக்கு அது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. ஆகவே டிசம்பரில் டிம்புலைத் தேயிலை கேட்கிறவருக்கு, மார்ச்சில் எடுத்து வைத்த பழையதையோ மழைக்காலத்துப் புதியதையோதான் கொடுக்க முடியும். இதை மறைத்து விற்றாலும் வாங்குகிறவர்களில் முக்காற்பங்கினருக்குத் தெரியாது. அவர் இரண்டு டின்னையும் திறந்து, இரண்டையும் ஊற்றிக் காட்டி, நத்தாருக்கு ஊவாவை எடுத்துக்கொண்டு டிம்புலைக்கு ஜனவரி கடைசியில் வரும்படி சொன்னார். விற்கக்கூடிய ஒன்றை இப்போது வாங்காதீர்கள் என்று சொல்லும் வியாபாரியிடம், மற்றச் சொற்களையும் நம்பி வாங்கலாம் என்றே எனக்குத் தோன்றியது.

கடையில் வேறு பொருள்களும் இருக்கின்றன. கம்பளித் தொப்பிகளும் காலுறைகளும் நகரைச் சுற்றியுள்ள பெண்கள் பின்னியவை; பின்னல் நெருக்கமாகவும் கைக்கு இதமாகவும் இருக்கிறது, ஆனால் 600 ரூபாவுக்குக் குறைவாக ஒன்றும் இல்லை. மெழுகுவர்த்திகள் சாதாரணமானவை, அவற்றை எங்கும் வாங்கலாம். கைக்குட்டைப் பெட்டிகள் 300 ரூபாவுக்கு உண்டு. கைக்குட்டை கொடுத்தால் பிரிவு வரும் என்று நம்புகிறவர்கள் எங்களில் இன்னும் பலர் இருப்பதால், கூட வேலை செய்கிறவர்களுக்கு அதைக் கொடுப்பதை நான் தவிர்க்கிறேன். டிசம்பர் முழுவதும் கேக்குக்கு ஓடரும் எடுக்கிறார்கள். ரவை, கஜு, முந்திரிகை வற்றல், பூசணிப் பாகு எல்லாம் சேர்த்து, எங்கள் நாட்டு முறையில் செய்யும் நத்தார்க் கேக். தனித்தனித் துண்டாக மெழுகுத்தாளில் சுற்றித் தருகிறார்கள். ருசியில் குறை சொல்ல முடியாது.

ஆனால் கந்தோரில் எல்லோருக்கும் கேக்கைக் கொடுக்க முடியாது என்பதை நான் 2023இல் கற்றுக்கொண்டேன். அந்தக் கேக்கில் பிரண்டி ஊற்றப்படுகிறது. எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் அதைத் தொடமாட்டார், தொடும்படி வைப்பதும் மரியாதையன்று. கார்த்திகையிலேயே ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்ட கள உத்தியோகத்தர் இருவர், முட்டை சேர்ந்ததென்று ஒதுக்கிவைத்தார்கள். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிட்டால் திருவெம்பாவைக்கு விரதம் இருக்கும் அக்காவும் அவர்களோடு சேர்ந்துகொள்வார். பதின்மூன்று பேரில் நான்கு பேர் உண்ண முடியாத ஒன்றைப் பொதுப் பரிசாகக் கொடுப்பது, அவர்களைத் தெரிந்து வைத்திருக்கிறோம் என்பதற்கு எதிரான சாட்சியாகிவிடும். தேயிலைக்கு இந்தத் தடை ஒன்றும் இல்லை; விரதகாரரும் குடிப்பார், நோன்பு திறந்த பின் களஞ்சியப் பொறுப்பாளரும் குடிப்பார்.

இனி எனக்கு நேர்ந்த ஒரு நட்டத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பரிசுப் பை கட்டுகிற எவருக்கும் அது நேரலாம். 2023இல் தேயிலைப் பொதியோடு ஒரு சந்தனச் சவர்க்காரமும் சேர்த்து ஒரே பையில் கட்டினேன். சவர்க்காரம் வேறொரு கடையில் வாங்கியது. பைகள் ஐந்து நாள் என் வீட்டு மேசையில் இருந்தன. நத்தாருக்குப் பிறகு பிரதம எழுதுவினைஞர் மிகவும் தயங்கி, தேநீரில் சந்தன மணம் வருகிறதே, அப்படி ஒரு வகை இருக்கிறதா என்று கேட்டார். தேயிலை அருகில் இருக்கும் எந்த மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். தொழிற்சாலையில் பொதியிடும் அறைக்குள் வாசனைப் பொருள் எதையும் விடமாட்டார்கள் என்பது தோட்டத்தில் வேலை செய்கிற எனக்குத் தெரிந்திருந்தும் அதை மறந்துபோனேன். பதின்மூன்று பொதியும் பாழாயின. அடுத்த வருடம் கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, காகிதப் பொதிக்கு உள்ளே ஈயத்தாள் உறை போட்டுத் தரச் சம்மதித்தார். பொதிக்கு 15 ரூபா கூடுதலாகக் கேட்டார். கொடுக்கத் தக்கதே. சவர்க்காரம், ஊதுபத்தி, வாசனை மெழுகுவர்த்தி இவற்றோடு தேயிலையை ஒருபோதும் ஒன்றாகக் கட்ட வேண்டாம் என்பதை இதை வாசிக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கடையில் குறைகளும் இருக்கின்றன. பொதியின் மேல் ஒட்டும் தாளில் தமிழ் வாசகம் பிழையாக அச்சிடப்பட்டிருக்கிறது. வாழ்த்து என்ற சொல்லில் மெய்யெழுத்து ஒன்று விடுபட்டிருக்கிறது. சிங்களமும் ஆங்கிலமும் பிழையின்றி இருக்க, தமிழ் பேசுகிற நகரத்தில், தமிழ் பேசுகிற கடைக்காரர் விற்கும் பொதியில் தமிழ் மட்டும் பிழையாக இருப்பது எனக்கு வருத்தம் தந்தது. 2023இலேயே சுட்டிக் காட்டினேன். அச்சடித்தவை தீரட்டும் என்றார். 2024இலும் அதே தாள்தான். என் பதின்மூன்று பொதியிலும் அந்த இடத்தை மறைத்து என் கையால் எழுதிய அட்டையைக் கட்டினேன். அதே தாளில் 1867 என்ற ஆண்டு பெரிதாகப் போடப்பட்டிருக்கிறது. ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் முதன்முதலாக வணிக நோக்கில் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஆண்டு அது, கடை தொடங்கிய ஆண்டன்று. ஆனால் விளக்கம் ஒன்றும் இல்லாமல் ஆண்டு மட்டும் இருப்பதால், எங்கள் கந்தோரிலேயே இருவர் கடைக்கு அவ்வளவு வயதா என்று கேட்டார்கள். தவறான எண்ணம் ஏற்பட இடம் வைக்காமல் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பொதியிட்ட திகதியும் நிறையும் விலையும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன, அதில் குறையில்லை. தூய இலங்கைத் தேயிலை என்பதைக் காட்டும் இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இந்தப் பொதிகளில் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்ப நினைப்பவர்கள் அந்த இலச்சினை உள்ள பொதியை வேறிடத்தில் வாங்குவதே பொருத்தம். பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுப்பதற்கு அது தேவையில்லை.

அட்டையில் பணம் செலுத்தும் வசதி இல்லை, காசுதான். பற்றுச்சீட்டு கேட்டால் மட்டுமே எழுதித் தருகிறார்கள். மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவதால், பிரட்டுக் கணக்கை, அதாவது தொழிலாளர் வரவுக் கணக்கை, முடித்துவிட்டு நோர்வூட்டிலிருந்து பேருந்தில் வருகிற என்னைப் போன்றவர்களுக்கு வார நாளில் போக இயலாது. டிசம்பர் பூரணையோடு சிவனொளிபாதமலைப் பருவமும் தொடங்கிவிடும். அதன் பிறகு வார இறுதிகளில் ஹட்டன் நகரம் யாத்திரிகர்களால் நிரம்பி, பேருந்து நிலையத்திலிருந்து கடை வரை நடப்பதற்கே நேரம் எடுக்கும். எனவே பூரணைக்கு முந்திய சனிக்கிழமை காலையில் போய், ஆட்களின் பெயர்களையும் அவர்கள் குடிக்கும் விதத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து எடுத்துக்கொள்வதே நல்லது. அவருடைய மனைவி ஒவ்வொரு பொதியின் அடியிலும் பென்சிலால் பெயரை எழுதி வைக்கிறார். பதின்மூன்றில் ஒன்று கூட மாறவில்லை.

இதே விலையில் வேறு வழி இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஹப்புத்தளைக்கு அருகே, 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிசம் மாளிகை இன்று பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. அங்கே துறவிகள் செய்து விற்கும் பழ ஜாமும் பழப்பாகும் மலைநாட்டில் எல்லோரும் விரும்புபவை. பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் வேலை செய்கிறவராக நான் இருந்தால் என் பரிசு அங்கிருந்துதான் வந்திருக்கும். ஹட்டனிலிருந்து புகையிரதத்தில் போய் வருவதற்கே ஒரு நாள் போய்விடுகிறது, கண்ணாடிப் போத்தல்களைச் சன நெரிசலில் தூக்கி வருவதும் எளிதன்று. தேயிலைப் பொதி பதின்மூன்றையும் நான் ஒரு சாதாரணக் கைப்பையில் கொண்டுவந்தேன்.

பரிசுகளைக் கொடுத்த நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாப் பைகளும் ஒரே துணி, ஒரே அளவு. அதனால் தோட்ட முகாமையாளரான துரையின் பை பெரிதா, காவற்காரரின் பை சிறிதா என்று யாரும் பார்க்கவில்லை. பிரித்த பிறகுதான் ஒவ்வொருவருடையதும் வேறு என்று தெரிந்தது, உடனே ஒருவர் பொதியை மற்றவர் முகர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். கந்தோர் கேத்தலில் நான்கு வகையை அடுத்தடுத்து ஊற்றினோம். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய கூட்டம் ஒன்றரை மணி நேரம் நீண்டது. குடும்பநல உத்தியோகத்தர் தன்னுடையதை யாருக்கும் ஊற்றித் தரவில்லை. இரவுக் காவற்காரர் தன் பொதியைப் பிரிக்காமலே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கொழும்பில் வேலை செய்யும் மகள் பொங்கலுக்கு வரும்போது ஊற்றிக் கொடுக்கப் போவதாகப் பிறகு சொன்னார். அவர் எனக்குக் கொடுத்தது தன் வீட்டுத் தோட்டத்துச் சவ்சவ் நான்கு. அன்று எனக்கு வந்தவற்றில் இரண்டு நாளில் முழுவதும் பயன்பட்டது அதுதான்.

டீமேக்கர் இலையை உள்ளங்கையில் கொட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நம்ம பக்கத்துக் கொழுந்து இல்ல, இலையப் பாத்தாலே தெரியுது" என்று சொல்லிவிட்டு, ஊற்றிக் குடித்தபின் ஒன்றும் பேசவில்லை. ஜனவரி இரண்டாம் வாரத்தில் அவரே என் மேசைக்கு வந்து கடை எங்கே இருக்கிறதென்று கேட்டார். மாதக் கடைசிச் சனிக்கிழமை இருவரும் சேர்ந்து போனோம். ஓய்வு பெற்ற டீமேக்கரும் வேலையில் இருக்கும் டீமேக்கரும் அந்தச் சிறு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஏழு கிண்ணம் ஊற்றிப் பார்த்தார்கள். டிம்புலையின் புதுப் பருவத் தேயிலை அப்போதுதான் வந்திருந்தது. 50 கிராம் பொதி 240 ரூபாவாக ஏறியிருந்தது. இருவரும் இரண்டிரண்டு வாங்கினோம். லேபிளில் வாழ்த்து என்ற சொல் இன்னும் பிழையாகத்தான் இருந்தது.